லோகோவுக்கும் லேபிளுக்கும் பணம் கொடுத்தால் டிசைனர் என்னென்ன ஃபைல் தர வேண்டும்?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கினால் இதுதான். ஈரோட்டுப் பக்கம் மரச்செக்கு எண்ணெய் விற்கத் தொடங்கியிருக்கிறீர்கள். ஃப்ரீலான்ஸ் டிசைனர் ஒருவரிடம் லோகோ, ஒரு லிட்டர் பாட்டிலுக்கு டிரான்ஸ்பரன்ட் ஸ்டிக்கரில் லேபிள், விசிட்டிங் கார்டு மூன்றும் சேர்த்து 12,000 ரூபாய்க்குப் பேசி முழுப் பணமும் கொடுத்தாயிற்று. அவர் வாட்ஸ்அப்பில் மூன்று படங்களை அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்கிறார். பிரஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு "இதை வச்சு அடிக்க முடியாது, ஓபன் ஃபைல் வாங்கிட்டு வாங்க" என்கிறார். டிசைனரிடம் கேட்டால் ஓபன் ஃபைலுக்குத் தனியாக 5,000 வேண்டும் என்கிறார். அவர் ஏமாற்றுகிறாரா, இல்லை அதுதான் வழக்கமா?

பிரஸ்காரர் சொன்னது சரி. டிசைனர் சொன்னது பாதி சரி. பிரஸ்காரருக்கு உண்மையில் வேண்டியது அச்சுக்குத் தயாரான ஃபைல். அது நீங்கள் ஏற்கெனவே கொடுத்த 12,000 ரூபாய்க்குள் வருவது, அதற்கு ஒரு ரூபாய்கூட மேலே கொடுக்க வேண்டியதில்லை. ஓபன் ஃபைல் என்பது டிசைனர் தன் கம்ப்யூட்டரில் லேயர் லேயராக வைத்து வேலை செய்த மூல ஃபைல், எழுத்துகளைத் தட்டச்சு செய்து மாற்றலாம், படங்களைத் தனித்தனியாக நகர்த்தலாம். அதற்குத் தனி விலை கேட்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம்தான். நம் ஊர் பிரஸ்களில் இரண்டையும் ஒரே பெயரில் சொல்வதால்தான் இந்தச் சண்டை வருகிறது. ஆனால் லோகோவுக்கு மட்டும் என் கணக்கு வேறு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

லோகோவைப் பொறுத்தவரை வெக்டர் ஃபைல் தராத டிசைனர் லோகோவே தரவில்லை என்றுதான் அர்த்தம். ஜேபெக், பிஎன்ஜி எல்லாம் புள்ளிகளால் ஆன படம், பெரிதாக்கினால் உடையும். வெக்டர் என்பது கோடுகளும் வளைவுகளும் கணக்காகப் பதிவாகியிருக்கும் ஃபைல், பாட்டில் மூடியில் ஒட்டும் அரை அங்குல ஸ்டிக்கருக்கும் கடை வாசலில் மாட்டும் இருபது அடி போர்டுக்கும் அதே ஒன்று போதும். போர்டுக்கு வினைல் வெட்டுகிற மெஷினுக்கும், எழுத்து எழுத்தாக அக்ரிலிக் வெட்டுகிறவருக்கும், டிஷர்ட்டில் எம்பிராய்டரி போடுகிறவருக்கும் அந்தக் கோடுதான் வேண்டும், ஜேபெக் கொடுத்தால் அவர்களே உட்கார்ந்து திரும்ப வரைவார்கள், ஆளுக்கொரு மாதிரி வரைவார்கள், ஆறு மாதத்தில் உங்கள் லோகோ மூன்று வடிவத்தில் ஊரில் சுற்றும். அதனால் அடோபி இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளின் ஏஐ ஃபைல் (இப்போது எல்லோரும் பேசும் ஏஐ இல்லை, இது அதைவிடப் பழைய ஏஐ), அல்லது ஈபிஎஸ், கூடவே பிடிஎஃப், வெப்சைட்டுக்கு எஸ்விஜி, இவற்றைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டு பிரஸ்கள் பலவும் கோரல்டிரா என்ற மென்பொருளில்தான் வேலை செய்கின்றன என்பதால் சிடிஆர் ஃபைலும் ஒன்று இருந்தால் நல்லது. அதைப் பழைய பதிப்பில் சேமித்துத் தரச் சொல்லுங்கள், புதிய கோரலில் சேமித்ததைப் பழைய கோரல் திறக்காது, பிரஸ்ஸில் இருப்பது எந்தக் காலத்துக் கோரல் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. ஜேபெக்கைத் தூக்கி இல்லஸ்ட்ரேட்டருக்குள் போட்டு, பிடிஎஃப் என்று சேமித்து, "இந்தாங்க வெக்டர்" என்று தருவார்கள். கம்ப்யூட்டரில் அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து எவ்வளவு முடியுமோ அவ்வளவு பெரிதாக்கிப் பாருங்கள், அக்ரோபேட்டில் 6400 சதவீதம் வரை போகும். எழுத்தின் ஓரம் அப்போதும் வழுவழுப்பாக இருந்தால் வெக்டர், படிக்கட்டு மாதிரி தெரிந்தால் படம். இரண்டு நிமிட வேலை, மீதிப் பணம் இருந்தால் அதைக் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது.

ஒரே ஒரு லோகோ ஃபைலும் போதாது. முழு வண்ணத்தில் ஒன்று, தனிக் கறுப்பில் ஒன்று, அடர்ந்த பின்னணியில் வைக்க முழு வெள்ளையில் ஒன்று. படுக்கைவாக்கில் ஒரு அமைப்பு, சதுரத்துக்குள் அடங்கும்படி ஒரு அமைப்பு, பெயர் இல்லாமல் சின்னம் மட்டும் ஒன்று. பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், அட்டைப்பெட்டியில் ஒற்றை நிறத்தில் அடிப்பது, இவற்றுக்கெல்லாம் கறுப்பு வடிவம்தான் கைகொடுக்கும். ட்ரேட்மார்க் போடும் எண்ணம் இருந்தாலும் அதுவே உதவும், நிறக் கட்டுப்பாடு சொல்லாமல் பதிவு செய்தால் எல்லா நிறத்துக்கும் பதிவானதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பில் வரும். அப்புறம், லோகோ கேன்வா என்ற டிசைன் தளத்தில் இருக்கும் ரெடிமேட் படத்தை வைத்துச் செய்ததா என்று நேராகவே கேளுங்கள். கேன்வாவின் நூலகத்தில் இருக்கும் படங்களை வைத்துச் செய்த லோகோவை உங்கள் ட்ரேட்மார்க்காகப் பதிவு செய்ய அவர்கள் விதிமுறை இடம் கொடுப்பதில்லை, அதே செக்குப் படம் இன்னும் பத்து எண்ணெய்க் கம்பெனிக்குப் போயிருக்கவும் கூடும்.

பிஎன்ஜி எதற்கு என்றால், பின்னணி இல்லாமல் தருவதற்கு. வாட்ஸ்அப் டிபி, இன்ஸ்டாகிராம், கூகுள் மேப்பில் கடைப் படம் இவற்றுக்கு அது போதும். ஜேபெக்கில் பின்னணி இல்லாத நிலையே கிடையாது, அதனால்தான் லோகோவைப் பச்சைப் பின்னணியில் வைத்தால் சுற்றிலும் வெள்ளைக் கட்டம் வருகிறது. எதுவாக இருந்தாலும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது அமுக்கித் தரத்தைக் குறைத்துத்தான் அனுப்பும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இனி லேபிள். உங்கள் பணத்தில் பெரும்பகுதி இங்கேதான் காக்கப்படும் அல்லது கரையும்.

லேபிளுக்கு டிசைனர் தர வேண்டியது அச்சுக்கான பிடிஎஃப். அசல் அளவில், சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை) நிறத்தில், வெட்டு ஓரத்தைத் தாண்டி நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும்போது கழிந்துபோகும் கூடுதல் ஓரம்) விட்டு, உள்ளே வைத்த படங்கள் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) குறையாமல், எழுத்துகள் அவுட்லைன் ஆக்கி, அதாவது எழுத்துரு இல்லாமலே தெரியும் வெறும் வடிவங்களாக மாற்றி. இதில் ஏதாவது ஒன்று இல்லாவிட்டாலும் பிரஸ்ஸில் இருக்கும் பையன் தனக்குத் தெரிந்த மாதிரி சரிசெய்வான், அவன் சரிசெய்தது உங்களுக்கு அச்சான பிறகுதான் தெரியும். ப்ளீட் இல்லாவிட்டால் வெட்டும்போது அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். அளவை பாட்டிலை வைத்துத்தான் எடுக்க வேண்டும்: 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை பாட்டிலைச் சுற்றி வர 220 மில்லிமீட்டர் ஆகும், முழுச் சுற்று லேபிள் என்றால் அதோடு ஒட்டுவதற்கு மேல்மடிப்பு சேர்க்க வேண்டும். பாட்டில் கையில் இல்லாமல் கூகுளில் பார்த்த பாட்டிலுக்கு லேபிள் போடுகிறவர்களை நானறிவேன். காலி பாட்டில் இரண்டைக் கொரியரில் அனுப்பிவிடுங்கள்.

வெட்டுக்கோடு தனி லேயரில், தனி நிறத்தில் இருக்க வேண்டும், அது அச்சாகாமல், லேபிளை வெட்டும் அச்சான டையைச் செய்கிறவருக்கு மட்டும் வழிகாட்டும். நீங்கள் டிரான்ஸ்பரன்ட் ஸ்டிக்கரில் அடிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் வெள்ளை மைக்கும் ஒரு தனி லேயர் கட்டாயம். இல்லாவிட்டால் ஒளி ஊடுருவும் தாளில் அடித்த நிறத்துக்குப் பின்னால் எண்ணெயின் மஞ்சள் தெரியும், நீலம் பச்சையாகும், சிவப்பு செங்கல் நிறமாகும், காலி பாட்டிலில் ஒட்டிப் பார்த்தபோது அழகாக இருந்தது நிரப்பியதும் வேறு எதுவோ ஆகிவிடும். கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் நிறம் வேறு என்பதால் ஒரே லேபிள் மூன்றிலும் மூன்று மாதிரி தெரியும். இது டிசைனருக்குத் தெரிந்திருக்க வேண்டிய சமாச்சாரம், தெரியாவிட்டால் பிரஸ்காரரைக் கேட்டாவது செய்ய வேண்டும்.

சின்ன எழுத்து எப்போதும் தனிக் கறுப்பில் இருக்க வேண்டும். நான்கு நிறமும் கலந்த கறுப்பில் ஆறு பாயின்ட் தமிழ் எழுத்தைப் போட்டால், அச்சில் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராதபோது ண, ன சுழிகள் எல்லாம் அடைத்துக்கொண்டு அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிடும். அடர் பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து இன்னும் மோசம். ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு இந்தத் தொல்லை அதிகம், நம் எழுத்தில் சுழிக்குள் சுழி.

லேபிளில் என்ன எழுத வேண்டும் என்பது டிசைனர் பொறுப்பு இல்லை, உங்கள் பொறுப்பு. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனால் அதுதான் நியாயம். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், நிகர அளவு, எல்லா வரிகளும் உட்பட எம்ஆர்பி, தயாரித்த தேதி, எத்தனை மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும், ஊட்டச்சத்து அட்டவணை, புகார் செய்ய போன் நம்பரும் இமெயிலும், எல்லாவற்றையும் நீங்கள்தான் சரிபார்த்து தட்டச்சு செய்து தர வேண்டும். எஃப்எஸ்எஸ்ஏஐ விதியும் பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதியும் எழுத்தின் குறைந்தபட்ச உயரத்தைக்கூடச் சொல்கின்றன. இடத்தில் பொருந்த வைப்பது அவர் வேலை: சைவக் குறியீட்டின் பச்சை வட்டம் சதுரத்துக்குள் சரியான அளவில் இருக்கிறதா, பேட்ச் நம்பரும் தேதியும் பிறகு அச்சிட வெறும் வெள்ளை இடம் விட்டிருக்கிறாரா, அந்த இடத்தில் வார்னிஷ் மேல்பூச்சு வராமல் பார்த்திருக்கிறாரா என்று. வார்னிஷ் மேல் தேதி அடித்தால் விரலால் தேய்த்தாலே போய்விடும்.

பார்கோடு போடுவதாக இருந்தால் அந்த எண் ஜிஎஸ்1 இந்தியாவிடமிருந்து நீங்கள் வாங்க வேண்டியது, 890 என்று தொடங்கும். அதைப் படமாக வரைவது டிசைனர் வேலை. வழக்கமான அளவு சுற்றியுள்ள வெற்றிடத்தையும் சேர்த்து 37.29க்கு 25.93 மில்லிமீட்டர், 80 சதவீதம் வரை சுருக்கலாம், அதற்குக் கீழே போனால் ஸ்கேனர் படிக்குமா என்பது அதிர்ஷ்டம். அழகுக்காகச் சிவப்புக் கோட்டில் போடச் சொல்லாதீர்கள், கடைகளில் உள்ள ஸ்கேனர்கள் பலவும் சிவப்பு ஒளியில் படிப்பவை, சிவப்புக் கோடு அவற்றுக்கு வெள்ளையாகத்தான் தெரியும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போன் திரையில் பார்த்த பச்சை அச்சில் வராது. திரை ஒளியால் காட்டுகிறது, தாளில் மை, அந்தப் பளீர் பச்சையும் ஆரஞ்சும் நான்கு நிற மையில் கிடைக்கவே கிடைக்காது. டிசைனர் செய்ய வேண்டியது, ஒவ்வொரு நிறத்துக்கும் அச்சுக்கான சிஎம்ஒய்கே, திரைக்கான ஆர்ஜிபி, ஹெக்ஸ் எண்களை ஒரு பக்கத்தில் எழுதித் தருவது. பான்டோன் (நிறங்களுக்கு எண் கொடுத்த ஒரு கம்பெனியின் பட்டியல்) எண்ணும் தந்தால் நல்லது, ஆனால் 2022 நவம்பருக்குப் பிறகு பான்டோன் நிறப்பட்டியலில் பெரும்பகுதி அடோபி மென்பொருளிலிருந்து போய்விட்டது, தனிச் சந்தா கட்டினால்தான் கிடைக்கிறது என்பதால் சின்ன வேலைகளில் யாரும் அதைத் தொடுவதில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, மொத்தமாக அடிப்பதற்கு முன் பிரஸ்ஸில் ஒரு ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, எடுத்து பாட்டிலில் ஒட்டி, பகல் வெளிச்சத்தில் பார்ப்பது.

விசிட்டிங் கார்டு பெரிய விஷயமில்லை. மூன்றரைக்கு இரண்டு அங்குலம், இரண்டு பக்கம், ப்ளீட் விட்ட பிடிஎஃப், முடிந்தது.

எழுத்துருதான் நம் ஊரில் தனிக் கதை. உங்கள் லேபிளில் தமிழ் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கலாம், பழைய கோரலில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வராது என்பதால் இன்னும் பலர் அதைவிட்டு வெளியே வரவில்லை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். யூனிகோடில் செய்தாலும் ஆபத்து இல்லாமல் இல்லை, இல்லஸ்ட்ரேட்டரிலும் போட்டோஷாப்பிலும் இந்திய மொழிகளுக்கான அமைப்பை மாற்றாமல் தட்டச்சு செய்தால் கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும், தமிழ் படிக்கத் தெரியாத டிசைனர் அதை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுவார். அதனால்தான் அவுட்லைன் ஆக்கிய பிரதி அச்சுக்கு வேண்டும். அதோடு லேபிளில் உள்ள வாசகம் முழுவதும் யூனிகோடில் ஒரு சாதாரண டாக்குமென்ட்டாகவும் வேண்டும், நாளைக்கு வெப்சைட்டில் போடும்போது திரும்பத் தட்டச்சு செய்து புதுப் பிழை சேர்க்காமல் இருக்க. விலை கொடுத்து வாங்கும் எழுத்துருவை டிசைனர் உங்களுக்குச் சும்மா தூக்கித் தர முடியாது, உரிமம் அவர் பெயரில் இருக்கும், நீங்கள் தனியாக வாங்க வேண்டும். முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி இலவச உரிமத்தில் கிடைப்பவை என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை, தொழிலுக்கும் பயன்படுத்தலாம். எது பயன்பட்டது என்று பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள், போதும். லேபிளில் வைத்த கடலைப் படமும் அப்படித்தான், எங்கிருந்து எடுத்தது, உரிமம் யார் பெயரில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூகுளில் எடுத்தேன் என்றால் மாற்றச் சொல்லிவிடுங்கள்.

சரி, உரிமை யாருக்கு? பணம் கொடுத்துவிட்டோம், எல்லாம் நம்முடையது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி படைத்தவர்தான் பொதுவாக முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் வரைந்தால் முதலாளிக்குப் போகும், ஃப்ரீலான்ஸர் உங்கள் ஊழியர் இல்லை. உரிமை உங்களுக்கு வர வேண்டுமென்றால் எழுத்தில், அவர் கையெழுத்துடன் மாற்றித் தர வேண்டும். அந்தக் காகிதத்தில் எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த எல்லைக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூருக்கு எண்ணெய் அனுப்பும் ஆசை இருந்தால் "உலகம் முழுதும், உரிமைக்காலம் முழுதும்" என்று ஒரு வரி சேர்த்து வாங்குங்கள். ஒரு பக்கக் காகிதம் போதும், வக்கீலிடம் காட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய மற்ற லோகோ மாதிரிகள் மட்டும் அவருடையவை, அவற்றை எடுத்து உங்கள் மச்சானின் கடைக்குப் போட முடியாது.

டிசைனர் பக்கமும் பேசிவிடுகிறேன், ஏனென்றால் நானும் அந்தப் பக்கம்தான். ஓபன் ஃபைலைக் கையில் கொடுத்தால் அடுத்த மாதம் யாரோ ஒரு டிடிபி சென்டரில் எழுத்தை இழுத்து நீட்டி, மஞ்சள் நட்சத்திரத்துக்குள் "புதுசு!" என்று போட்டு, அது அவர் டிசைன் என்று ஊர் பேசும். அதோடு அடுத்த வேலையும் அவருக்கு வராது. அதற்குத்தான் அந்த 5,000. முன்பே பேசியிருந்தால் ஒன்றும் தப்பில்லை, வேலை முடிந்த பிறகு சொல்வதுதான் தப்பு. அதேபோல "ஓகே" என்று நீங்கள் ஒப்புதல் கொடுத்த பிறகு "எண்ணை" என்று அச்சாகிவிட்டது என்று அவர்மேல் பாயவும் முடியாது, பிழை பார்க்கத்தான் அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பினார். போன் நம்பரை எண் எண்ணாகப் படித்து, டயல் செய்தே பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.

இப்போது என்ன செய்வது? அவருக்கு இப்படி ஒரு மெசேஜ் போடுங்கள்: "லோகோ ஏஐ, பிடிஎஃப், எஸ்விஜி, பின்னணி இல்லாத பிஎன்ஜி, கறுப்பு, வெள்ளை வடிவங்கள், லேபிளுக்கும் கார்டுக்கும் ப்ளீட் விட்டு அவுட்லைன் ஆக்கிய பிடிஎஃப், நிற எண்கள், எழுத்துருப் பெயர்கள், இவ்வளவும் ஒரே ஃபோல்டரில் வேண்டும், இது பேசிய தொகைக்குள் வருவது, பிரஸ்ஸில் கேட்கிறார்கள்." கோபமில்லாமல், இவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் கொடுத்துவிடுவார்கள், அவர்களிடம் எல்லாம் தயாராகத்தான் இருக்கும், கேட்காததால் தராமல் இருப்பார்கள். டிரைவ் லிங்க் வந்தால் அன்றைக்கே இறக்கி இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் டிரைவ் நிரம்பினால் முதலில் அழிப்பது முடிந்த வேலையைத்தான். லோகோவை போட்டோஷாப்பில் வெறும் படமாகச் செய்திருந்தால் வெக்டரில் திரும்ப வரைய வேண்டியிருக்கும், அந்தச் செலவு அவருடையது.

லேபிளின் ஓபன் ஃபைலுக்கு 5,000 கொடுக்கலாமா என்பது உங்கள் அடுத்த வருடத் திட்டத்தைப் பொறுத்தது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் மட்டும்தான் என்றால் வேண்டாம், அச்சு பிடிஎஃப் போதும், எம்ஆர்பி மாறினாலும் அது தேதியோடு சேர்ந்து பிறகு அடிக்கப்படும் இடத்தில் வரட்டும். அரை லிட்டர், ஐந்து லிட்டர் கேன், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று வரிசையாக வரப் போகிறது என்றால் வாங்கிவிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் புதிதாகச் செய்வதைவிட மலிவு. ஆனால் எழுத்துகள் அவுட்லைன் ஆகாத ஃபைல், உள்ளே வைத்த படங்கள் தனியாக, கூடவே மேலே சொன்ன உரிமைக் காகிதம், மூன்றும் சேர்ந்துதான் 5,000 என்று பேசுங்கள். 3,000க்கு இறங்கினாலும் ஆச்சரியமில்லை.